தேய்ந்த வலதும் தேயாத இடதும்: பழைய மாருதி 800-இன் பின் பிரேக் வேலை

ஆடிச் சாரலில் மூன்று வாரம் அசையாமல் நின்ற வண்டியை மலைக்கு அப்பால் கேரளத்து ஆரியங்காவில் என் தங்கை வீட்டு முற்றத்திலிருந்து எடுத்தபோது, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்ட பிறகும் அது நகரவில்லை. பின்புறம் சற்றே அமுங்கி, எஞ்சின் திணறி, பின்பு எங்கோ அடியில் ‘டக்’ என்ற ஓசை எழுந்த பிறகே சக்கரம் உருண்டது. மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் இது புதிதல்ல. சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிரம்மின் உட்புறம் துருப்பிடிக்கும், அந்தத் துரு, பிரேக் போடும்போது உள்ளிருந்து டிரம்மில் அழுந்தும் லைனிங்கைக் கவ்விக்கொள்ளும், முதல் இழுப்பில் விட்டுவிடும், நாலு முறை பிரேக்கை மிதித்தால் துருவும் உதிர்ந்துவிடும். அப்படித்தான் இதுவும் என்று எண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டைவாசல் தாண்டி இறக்கம் தொடங்கியதும் கருகல் வாடை வந்தது. கல்லும் எம்சாண்டும் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஏறி இறங்கும் பாதை அது. எந்த நேரமும் ஏதாவதொரு வண்டியின் பிரேக் வாடை அங்கே மிதந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே முன்னால் போன லாரியின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் புளியரை எஸ் வளைவையும் கடந்து கீழே இறங்கிவிட்டேன். அடிவாரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது முன்னால் லாரி இல்லை, ஆனால் வாடை அப்படியே இருந்தது. வலப் பின் சக்கரத்தின் ரிம் துளை வழியாக டிரம்மின்மேல் பாட்டில் நீரைச் சில துளிகள் விட்டேன். தோசைக் கல்லில் தெளித்ததுபோல் ‘சுர்’ரென்று ஆவியாகிப் போயிற்று. இடப் பின் சக்கரத்தில் விட்ட நீர் அப்படியே வழிந்து இறங்கியது. தொட்டுப் பார்த்தேன், மழையில் நனைந்த கல்லைப்போல் குளிர்ந்திருந்தது. ‘நல்லவேளை, கோளாறு ஒரு பக்கத்தில் மட்டும்தான்’ என்று மனம் ஆறுதல் அடைந்தது. மலை இறங்கி வந்த வண்டியில் வேலை செய்கிற டிரம் ஒன்று வெதுவெதுப்பாகவாவது இருக்க வேண்டும் என்ற சிறிய விஷயம் அப்போது எனக்குத் தோன்றாமல் போனதுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம்.

வண்டி 2005-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். முன் சக்கர இழுவை வண்டி ஆகையால் பின் அச்சுக்கு வண்டியைச் சுமப்பதும் நிறுத்த உதவுவதும் தவிர வேறு வேலை இல்லை. நிறுத்தும் வேலையிலும் பெரும்பங்கு முன் பிரேக்குகளுடையதே. பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் பின் பிரேக்கின் பங்கு குறைந்துவிடுகிறது. பின் பிரேக் பழுதானது நீண்ட காலம் நமக்குத் தெரியாமல் போவதற்கும் அதுவே காரணம்: முன் பிரேக்குகள் அந்தச் சுமையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு, டிஸ்க்கைக் கவ்வும் தம் பேடுகளை வேகமாகத் தேய்த்துக்கொள்கின்றன. என் வண்டியில் முன் பேடுகள் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்ந்ததை நான் மலைப்பாதைக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; அதுவரை திருவிதாங்கூர் பக்கம். எனவே எங்கள் ஊர்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு ஆரியங்காவிலோ தென்மலையிலோ புனலூரிலோ ஒரு வீடு இருக்கும். எனக்கு மாதம் இரண்டு முறையாவது 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மலையேறி இறங்கும் வேலை உண்டு. பிரேக்கைச் சந்தேகத்தோடு வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் போக முடியாது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு பட்டறையில் ‘ஹேண்ட் பிரேக் மேலே வரை வருகிறது’ என்று சொல்லி விட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்திருப்பார்கள் என்பது பிறகு விளங்கியது. இம்முறை நானே திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். தங்கை மகன் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தான். பெடல் மிதிக்க ஒரு கால் கிடைத்தது.

சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுத்து, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டுகள் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்டும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பின் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். வலது அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. இடது தங்கு தடையின்றி ஆறேழு சுற்று ஓடியது. அப்போதே மருமகனைப் பெடலை மிதிக்கச் சொல்லி, மிதித்த நிலையில் இரண்டையும் சுழற்றிப் பார்த்திருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும். ‘ஒட்டுகிறதா’ என்று பார்த்தேனே தவிர ‘பிடிக்கிறதா’ என்று பார்க்கவில்லை.

வலது பக்கத்தை முதலில் எடுத்தேன். சக்கரத்தைக் கழற்றி, நடுவிலுள்ள கிரீஸ் மூடியைச் சுற்றிலும் மெல்லத் தட்டி எடுத்து, அச்சு நட்டின் பூட்டை நேராக்கி, நட்டைக் கழற்றினேன். இந்த வண்டியில் டிரம்மும் பேரிங் வீடும் ஒரே வார்ப்பு ஆகையால் டிரம் வரும்போது பேரிங்குகளும் சேர்ந்தே வரும். எனவே கீழே சுத்தமான செய்தித்தாள் விரித்துக்கொள்ள வேண்டும், மண் பட்டால் பேரிங் போயிற்று. டிரம் வரவில்லை. வராது என்பது எதிர்பார்த்ததே: லைனிங்கைத் தாங்கும் வளைந்த ஷூக்கள் வெளிநோக்கி அழுந்தி நிற்கின்றன, டிரம்மின் விளிம்பில் தேயாத வரப்பு ஒன்று உள்நோக்கி நீண்டிருக்கிறது, அந்த வரப்பு ஷூவைத் தாண்டி வெளியே வர இடமில்லை. சுத்தியலை எடுத்து விளிம்பில் அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஆகவே முதலில் காருக்குள் ஹேண்ட் பிரேக் பிடியின் அடிமூடியை எடுத்து, கேபிள் நட்டுகளை முழுவதும் தளர்த்தினேன். அவை மறையின் கடைசி வரை இறுக்கப்பட்டிருந்ததை அங்கேதான் கண்டேன்.

அதன் பிறகு, ஷூக்களைத் தாங்கி டிரம்முக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் தகடான பேக் பிளேட்டின் பின்புறமுள்ள சிறிய ரப்பர் அடைப்பானைப் பிடுங்கி, அந்தத் துளை வழியாக ஒரு திருப்புளியை விட்டு, ஷூவோடு இணைந்த ஹேண்ட் பிரேக் நெம்புகோலை அதன் இடத்தைத் தாண்டித் தள்ளினேன். உள்ளே எதுவோ தளர்ந்த உணர்வு கையில் தெரிந்தது. பிறகு சக்கர போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தட்டையான முகத்தில் மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றி ஒரே அளவாகத் தட்டிக்கொண்டே இழுத்தபோது, டிரம் ஒரு பக்கம் சாயாமல் நேராக வந்தது.

உள்ளே கரும்பழுப்புத் தூள் நிறைந்திருந்தது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம் என்பதால் வாயால் ஊதுவதும் காற்றுக் குழாய் பிடிப்பதும் கூடாது. சோப்புத் தண்ணீரை வாளியில் கரைத்து, பழைய பெயிண்டுத் தூரிகையால் நனைத்து நனைத்துக் கழுவி, கீழே தட்டில் பிடித்தேன். கழுவிய பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முன்பக்க ஷூவில் லைனிங் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே மீந்திருந்தது. அதன் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது, அளவுக்கு மீறிச் சூடானதன் அடையாளம். பின்பக்க ஷூவில் அதைவிடச் சற்றுக் கூடுதல். முன்பக்க ஷூ அதிகம் தேய்வது இயல்புதான். வண்டி முன்னோக்கி ஓடும்போது டிரம்மின் சுழற்சியே அந்த ஷூவை மேலும் உள்ளிழுத்து அழுத்துகிறது, பின்பக்க ஷூவையோ தள்ளிவிடப் பார்க்கிறது. ஆனால் இரண்டுமே இவ்வளவு தேய்ந்திருப்பது இயல்பல்ல.

ஷூ ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு மூன்று காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்டேன். மேல் ஸ்பிரிங்கின் சுருள்கள், கழற்றி உள்ளங்கையில் வைத்தபோதும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றன. வெப்பத்தில் முறுக்கு இறங்கிவிட்ட ஸ்பிரிங். இரண்டாவது, பேக் பிளேட்டில் ஷூவின் விளிம்பு உராய்ந்து நகரும் சிறு மேடைகள். ஷூ ஒன்றுக்கு மூன்றாக ஆறு மேடைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டில் நகத்தை வைத்து இழுத்தால் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஷூ வெளியே போகும்போது பெடலை மிதிப்பதால் வரும் எண்ணெயின் அழுத்தம் அதைப் பள்ளத்திலிருந்து ஏற்றிவிடும். திரும்பும்போது தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அந்த வலிமை இல்லை. மூன்றாவது கேபிள். அச்சுக்கு அருகே வெளியுறை கிழிந்து, உள்கம்பி துருவேறி, இழுத்தால் போனது, விட்டால் வரவில்லை.

பட்டறையில் அந்த அரை மணி நேரத்தில் நடந்தது இப்போது புரிந்தது. டிரம்மைத் திறக்காமல், உள்ளே இருந்த தொளதொளப்பை எல்லாம் கேபிள் நட்டை இறுக்கியே மறைத்திருக்கிறார்கள். இரண்டு ஷூக்களுக்கும் குறுக்கே நிற்கும் ஸ்ட்ரட்டில் பற்கள் இருக்கின்றன. லைனிங் தேயத் தேய அது ஒவ்வொரு பல்லாக நீண்டு இடைவெளியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அப்படி நீள்வதற்கு, ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகு உள் நெம்புகோல் தன் முட்டுவரை முழுவதுமாகத் திரும்பியிருக்க வேண்டும். கேபிளை இறுக்கிவிட்டால் நெம்புகோல் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும், ஸ்ட்ரட் செயலற்றுப் போகும். ஹேண்ட் பிரேக் நாலே சொடுக்கில் நின்றபோது நான் மகிழ்ந்து பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது என்பது பழைய பாடம். ஒரு பக்கம் மாட்டியபடியே இருந்தால் ஸ்பிரிங் எந்தத் துளையில், எந்தப் பக்கமாக மாட்டியிருந்தது என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்த ஒப்பீட்டுக்காகவே இடது டிரம்மைக் கழற்றினேன். அது சுலபமாக வந்தது. வந்த சுலபத்திலேயே ஐயம் எழுந்திருக்க வேண்டும்.

உள்ளே பார்த்தபோது முதலில் தோன்றியது மகிழ்ச்சி. லைனிங் புதிய ஷூவின் தடிமனுக்கு அரை மில்லிமீட்டர்கூடக் குறைவில்லை. அடுத்த கணம் டிரம்மைத் திருப்பிப் பார்த்தேன். வலது டிரம்மின் உட்புறம் வரிவரியாகத் தேய்ந்து வெள்ளியாய் மின்னியது. இதுவோ சுற்றளவு முழுவதும் மஞ்சள் பூத்த பழுப்புத் துரு. ஓடுகிற வண்டியில் பிரேக் பிடிக்கிற டிரம்மில் துரு இருக்க முடியாது, ஷூ அதை நாள்தோறும் துடைத்துவிடும். இந்த ஷூக்கள் டிரம்மைத் தொட்டது, வண்டி நிற்கும்போது ஹேண்ட் பிரேக் இழுத்த வேளைகளில் மட்டுமே. மருமகனை அழைத்துப் பெடலைப் பாதி மட்டும் மெதுவாக மிதிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். ஷூக்கள் அசையவில்லை.

“மாமா, மிதிச்சுட்டேன், விடவா?” என்று அவன் உள்ளிருந்து கேட்டான். “இன்னொருக்க மிதி” என்றேன். இன்னொரு முறையும் அசைவில்லை.

பெடலை மிதித்தால் எண்ணெயின் அழுத்தத்தில் ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை விளிம்பில் மெல்லத் தூக்கினேன். உள்ளே எண்ணெய் இல்லை. செங்கல் பொடியைக் குழைத்ததுபோன்ற துருச்சேறு இருந்தது. பிஸ்டன்கள் இரண்டும் சிலிண்டரோடு ஒன்றாகிவிட்டிருந்தன. ஆக, வலது பக்கம் விடாமல் பிடித்துத் தேய்ந்தது. இடது பக்கம் பிடிக்கவே பிடிக்காமல் புதிதாக இருந்தது. பின் பிரேக் என்று என் வண்டியில் இருந்தது ஒரே ஒரு சக்கரத்தில், அதுவும் தன் விருப்பப்படி. ‘தேயவில்லை, நன்றாக இருக்கிறது’ என்று இடது ஷூக்களைப் பார்த்துச் சொல்லி மூடியிருந்தால், வலதுக்குப் புதிய ஷூ போட்டு, அதே வண்டியை மீண்டும் மலையில் ஏற்றியிருப்பேன்.

சிலிண்டரை ஏன் துரு தின்றது என்பதற்குத் தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்ட பிறகு அந்த வரம்பு 140 பாகையாக இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் பஞ்சுபோல் அமுங்கும். மலை இறக்கத்தில் அது எப்போது நேரும் என்று சொல்லத் தேவையில்லை. கொதிக்காவிட்டாலும் அந்த நீர் குழாயின் கடைக்கோடியில், ஓட்டமில்லாத இடத்தில், அதாவது வீல் சிலிண்டரின் அடியில் தங்கி இரும்பைத் தின்னும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயை முழுவதும் மாற்ற வேண்டும் என்று அறிந்திருந்தும், நான் டப்பாவில் குறைந்ததை ஊற்றி நிரப்பியதோடு நிறுத்திக்கொண்டவன். ஆனி ஆடியில் தென்மேற்குச் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையும் பார்க்கிற இந்தக் கணவாய்ப் பகுதியில் இரண்டு ஆண்டு என்பதே அதிகம்.

சிலிண்டரைக் கழற்றுவது அன்றைய நாளின் மிக மோசமான வேலையாக அமைந்தது. பின்னால் வந்து சேரும் பிரேக் குழாயின் 10 மில்லிமீட்டர் நட்டு துருவில் உறைந்திருந்தது. சாதாரண ஸ்பேனரை மாட்டித் திருப்பியபோது நட்டு திரும்பவில்லை, அதன் முனைகள் மழுங்கத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் வேகம் காட்டியிருந்தால் நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டிருக்கும். பிறகு குழாயே மாற்ற வேண்டியதுதான். துரு நீக்கி எண்ணெயைத் தெளித்து அப்படியே இரவு விட்டுவிட்டேன். மறுநாள் காலை, டிரம்களைக் கடைசல் பிடிக்கக் கொண்டுபோன லேத் பட்டறையில் இதைச் சொன்னபோது, அந்த அண்ணாச்சி வேலையை நிறுத்தாமலேயே சொன்னார்: “எடுத்த எடுப்புல தளத்தப் பாக்காதீங்க. முதல்ல ஒரு நூல் இறுக்குங்க, பெறவு தளத்துங்க. துரு ஒடையுறது எந்தப் பக்கம்னாலும் ஒடையும்.” பெட்டியிலிருந்து குழாய் நட்டுக்கென்றே உள்ள, ஒரு பக்கம் வாய் பிளந்த ரிங் ஸ்பேனர் ஒன்றையும் கொடுத்தார்.

அவர் சொன்னபடியே செய்தேன். இறுக்கும் திசையில் மெல்ல அழுத்தியபோது ‘கிறீச்’ என்று நூலளவு நகர்ந்தது. பிறகு திரும்பி, மறுபடி இறுக்கி, கால் சுற்று, அரைச் சுற்று என்று பத்து நிமிடத்தில் நட்டு முழுவதும் கழன்றது, குழாய்க்கு ஒரு சேதமும் இல்லை. சொட்டும் குழாய் முனையில், காற்றை வெளியேற்றத் திறக்கும் ஏர் நிப்பிளின் ரப்பர் தொப்பியைச் செருகி அடைத்தேன். பிரேக் எண்ணெய் பெயிண்டை உரித்துவிடும் என்பதால், சிந்திய இடங்களை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

டிரம்களில் வலதுக்கு லேசான கடைசல் போதும் என்றார் லேத் அண்ணாச்சி. அனுமதிக்கப்படும் உச்ச உள்விட்டம் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிக் கடைந்தால் சுவர் மெலிந்து, சூட்டைத் தாங்காமல் வெடிக்கும். அவர் உள்விட்டக் காலிபரால் நாலு இடத்தில் அளந்து, வரப்பை மட்டும் எடுத்து, வரிகள் மறையும் அளவுக்கு ஒரே ஒரு முறை கடைந்து நிறுத்திவிட்டார். “இன்னும் ஒரு தடவ கடைஞ்சா கண்ணாடி மாதிரி வந்துரும்” என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னதற்கு, “கண்ணாடி எதுக்கு, மூஞ்சி பாக்கவா?” என்றார். இடது டிரம்மின் துருவை உப்புத்தாளால் தேய்த்தே போக்கினோம்.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை நான் முதலில் இடது சிலிண்டர் ஒன்றும் வலது ஷூ இரண்டும் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிறகு மனம் ஒப்பவில்லை. ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிய லைனிங், மறு பக்கம் பழையது என்றால் இரண்டும் ஒரே அளவாகப் பிடிக்காது. ஒரே எண்ணெயைக் குடித்து வளர்ந்த வலது சிலிண்டருக்கும் இடதின் கதி வர எத்தனை நாளாகும்? ஆகவே இரு பக்கத்துக்கும் ஷூ, வீல் சிலிண்டர், முழு ஸ்பிரிங் செட், வலதுக்கு ஹேண்ட் பிரேக் கேபிள், அச்சு நட்டுகளின் பூட்டுக்குப் புதியவை, ஒரு லிட்டர் டாட் 3 எண்ணெய் எல்லாம் வாங்கினேன்.

பூட்டும் வேலையில் அதிக நேரம் எடுத்தது அந்த ஆறு மேடைகள்தான். பள்ளம் விழுந்த இரண்டை வெல்டிங் வைத்து நிரப்பி, மற்ற நான்கின் மட்டத்துக்கு அரத்தால் ராவினேன். நேர்கோல் வைத்துப் பார்த்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, மறுபடி ராவி, ஒரு முழு மாலை அதிலேயே போயிற்று. பிறகு ஒவ்வொரு மேடையிலும், சூட்டில் உருகி வழியாத பிரேக் கிரீஸை உளுந்தளவு மட்டும் தடவினேன். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே உதவாது. உருகி லைனிங்கில் இறங்கினால் புதிய ஷூவும் வீண். அதேபோல் சிலிண்டரின் ரப்பர்களுக்கு அருகே பெட்ரோலோ டீசலோ எஞ்சின் ஆயிலோ வரவே கூடாது, ரப்பர் ஊதிப்போய்ப் பிஸ்டனை மறுபடி இறுக்கிவிடும். துடைப்பதானால் பிரேக் எண்ணெயிலேயே துடைக்க வேண்டும்.

ஷூக்களைக் கீழே முட்டில் பொருத்தி, அடி ஸ்பிரிங்கை மாட்டி, ஸ்ட்ரட்டை நடுவில் வைத்து, கேபிள் முனையை நெம்புகோலின் கொக்கியில் இட்டு, கடைசியாக மேல் ஸ்பிரிங்கை இழுத்து மாட்ட வேண்டும். மூக்குக் குறடால் முயன்ற இரண்டு முறையும் ஸ்பிரிங் தெறித்து, ஒரு முறை என் கட்டைவிரலைக் கிழித்தது. மூன்றாம் முறை கெட்டியான சணல் கயிற்றை ஸ்பிரிங்கின் கொக்கியில் மடித்துக் கோத்து, இரு முனைகளையும் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தபோது, அது தானாகத் துளையில் போய் உட்கார்ந்தது. கயிற்றை ஒரு பக்கமாக உருவிக்கொள்ளலாம். வலது ஸ்ட்ரட்டும் இடது ஸ்ட்ரட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மாற்றிப் போட்டால் பற்கள் வேலை செய்யாது என்பதால், கழற்றிய அன்றே அவற்றில் நூல் கட்டி வைத்திருந்தேன். பேரிங்குகளைக் கழுவிப் புதிய கிரீஸ் அடைத்து, டிரம்மை ஏற்றி, அச்சு நட்டைக் கடன் வாங்கிய டார்க் ஸ்பேனரால் உரிய அளவுக்கு இறுக்கிப் பூட்டினேன்.

அடுத்து ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பெடல் எண்ணெயை அழுத்தும் இடமான மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள இடப் பின் சக்கரத்தில் தொடங்கி, வலப் பின், இட முன், வல முன் என்று வந்தேன். நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறு முனையைச் சிறிது எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் முக்கி, மருமகன் மிதித்துப் பிடித்ததும் நான் நிப்பிளைத் திறப்பதும், மூடிய பிறகே அவன் காலை எடுப்பதுமாக வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. முதலில் வந்தது கறுப்புக் காப்பி நிறம்; பிறகு தேநீர் நிறம்; அது தெளிவாகி வருவதைப் பார்க்கிற ஆவலில் மேலே டப்பாவில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதை இருவரும் மறந்துபோனோம். “மாமா, பெடல் தாந்துகிட்டே போவுது” என்று அவன் சொன்னபோது குழாயில் சரம் சரமாகக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. டப்பா வறண்டு, மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று புகுந்துவிட்டது. கழுவித் துடைத்து, நிரப்பி, முதலிலிருந்து தொடங்கினோம். பத்து மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பார்ப்பது என்று அதற்குப் பிறகு விதி வைத்துக்கொண்டோம். வெளியே வந்த எண்ணெயை மறுபடி ஊற்றும் ஆசை வரும், வரக் கூடாது.

கேபிளுக்கு வந்தபோது வரிசை முக்கியம். கேபிள் நட்டுகள் தளர்ந்தே இருக்க, முதலில் பெடலை இருபது முப்பது முறை நன்றாக அழுத்தி விட வேண்டும். பின் டிரம்களிலிருந்து ஸ்ட்ரட்டின் பல் ஏறும் ‘கிடுக்’ ஓசை அடங்கும் வரை அழுத்தினோம். ஷூக்கள் டிரம்மோடு தம் இடைவெளியை அப்படித்தான் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. அதன் பிறகே கேபிளை, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். பிடியை ஏழு சொடுக்கு இழுத்தபோது இரு சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. விட்டபோது இரண்டும் லேசான உரசலோசையோடு ஒரே அளவாகச் சுழன்றன. இம்முறை மருமகனைப் பெடலில் உட்கார வைத்து, மிதித்த நிலையில் இரண்டையும் தனித்தனியாகத் திருப்ப முயன்று, முடியாமல் போனதை உறுதி செய்துகொண்டேன்.

முதல் ஓட்டம் வீட்டுத் தெருவில் நடை வேகத்தில். பிறகு பிரானூர் வரை சமதளத்தில் போய்வந்து, புதிய லைனிங் டிரம்மோடு பொருந்துவதற்காக மிதமான வேகத்தில் பல முறை மெதுவாகப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆற விட்டேன். இரண்டு நாள் இப்படி ஓட்டிய பிறகே புளியரை ஏறினேன். கோட்டைவாசலில் திரும்பி, ஏறிய அதே இரண்டாவது கியரில், எஞ்சினின் பிடியிலேயே இறங்கி, வளைவுகளுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்தி எடுத்து, அதே தேநீர்க் கடையில் நிறுத்தினேன். துளித் தண்ணீர் சோதனை இரண்டு டிரம்மிலும். எங்கும் ‘சுர்’ரென்ற ஓசை இல்லை. புறங்கையை அருகே கொண்டுபோனபோது இரண்டும் ஒரே வெதுவெதுப்பில் இருந்தன. இடது டிரம் சூடாக இருந்ததற்காக ஒருவன் மகிழ்வதைப் பார்த்துத் தேநீர் கொண்டுவந்தவர் வித்தியாசமாகப் பார்த்தார்.

பத்து நாள் கழித்து ஹேண்ட் பிரேக் ஒன்பது சொடுக்குக்கு வந்திருந்தது. லைனிங் படிந்ததன் விளைவு. கேபிளை இரண்டு சுற்று மட்டும் இறுக்கினேன். மழை நாட்களில் ஆரியங்காவில் நிறுத்தும்போது இப்போதெல்லாம் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. முதல் கியரில் விட்டு, இரு சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிடுகிறேன். டப்பா மூடியில் எண்ணெய் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்து மூன்றாம் நாள், துவைக்கப் போட்ட சட்டைப் பையைத் துழாவியபோது பேக் பிளேட்டின் ரப்பர் அடைப்பான் கையில் கிடைத்தது. அந்தத் துளை திறந்தே இருந்தால் அடுத்த சாரலின் தண்ணீர் நேரே உள்ளே போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. மழை பிடிப்பதற்குள் அடியில் படுத்து, பின்புறமாகக் கையை விட்டு அதை அழுத்திப் பொருத்தினேன்.